மின்சாரம் வராத வீடுகளுக்கு ஒரு டிரில்

என் மைத்துனனின் டிரில்லைக் கெடுத்தவன் நான். பழி அவன்மேல் விழுந்தபோது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் அடையாறில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் திரைச்சீலைக் கம்பி மாட்டும் வேலை செய்துவந்தான். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருப்பார்கள். மின் இணைப்பு வந்திருக்காது. அதனால் பாட்டரியில் ஓடும் டிரில் அவனுக்குத் தேவைப்பட்டது. கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் என்பதால் என்னைக் கடைக்கு அழைத்துப் போனான். அங்கே இரண்டு இருந்தன. ஒன்று சிறியது, கூடவே மாற்றுப் பாட்டரி. மற்றது கனமானது, வோல்ட் கூடுதல், ஆனால் ஒரே பாட்டரி. ஏணிமேல் நின்று தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க வேண்டியவன் அவன். சிறியதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கான்கிரீட்டுக்கு இந்தப் பொம்மை போதாதுடா" என்றேன். "அத்திம்பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெரியதை வாங்கினான்.

பாதி தீர்ந்த பாட்டரியை சார்ஜ் செய்தால் அது அந்தப் பாதிக்கே பழகிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, டிரில்லை வைத்துவிட்டு என் மனைவியோடு கோவிலுக்குப் போயிருந்தான். பாட்டரி முழுக்கத் தீரட்டும் என்று நான் டிரில்லின் விசையை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி ஓடவிட்டேன். வேகம் தளர்ந்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். அது அடங்கி நின்ற பிறகும் கட்டை அவிழ்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வருவதற்குள் சார்ஜரில் செருகிவிட்டேன். அப்படி ஒட்ட வடிந்ததில் உள்ளே செல்கள் செத்துவிட்டிருந்தன.

மறுநாள் இரண்டாவது துளையிலேயே டிரில் நின்றுபோனது. விடிந்தால் கிரகப்பிரவேசம், வீட்டுக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். கட்டடக்காரரும் அதன்பின் இவனைக் கூப்பிடவில்லை.

"புதுச் சாமானை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதாடா? அவர் பார்த்துப் பார்த்து எடுத்துத் தந்தாரே" என்றாள் என் மனைவி. அவன் தலைகுனிந்து நின்றான். நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். தம்பி கைபட்டால் எதுவும் உருப்படாது என்று அவள் உறவினர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். அவனும் கூடவே சிரிப்பான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து, அன்று வேண்டாமென்ற அந்தச் சிறிய டிரில்லை வாங்கிக்கொண்டு ராயப்பேட்டையில் அவன் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பெட்டியை அவன் பிரிக்கவில்லை.

"இதெல்லாம் நானே வாங்கிப்பேன், அத்திம்பேர். அக்காகிட்ட மட்டும் சொல்லிடுங்கோ."

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

இன்று அவனிடம் வேறு டிரில், இலேசானது. எங்கள் வீட்டில் கம்பி மாட்ட வந்தால் ஏணியைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுகிறான். பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாட்டரியைப் பற்றி அவனும் யோசனை கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.