கத்தரி படாத பொம்மைகள்

எண்பதுகளின் கடைசியில், இலங்கையில் கலவரத்தால் பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, என் புத்தகங்களுக்கு வீட்டில் முதன்முதலாக ஒரு மதிப்பு வந்தது. ஊரடங்கு போட்ட நாட்களில் எனக்குக் கந்தோர் வேலையும் கிடையாது. மாத்தளைப் பக்கம் உக்குவளையில் இரண்டு அறை வீட்டுக்குள் நானும் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் முகம் அதிக நேரம் பார்க்கத் தக்கதல்ல. சீக்கிரமே மனைவி எழுந்து என் அலமாரியைத் திறந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாணால் அளக்க ஆரம்பித்தாள்.

"இது குட்டை. இது வளையுது. அந்தப் பெரிய மட்டைப் புத்தகம் எங்கங்க?"

அது நான் மிகுந்த பக்தியோடு வாங்கி, நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்த தத்துவப் புத்தகம். அவள் அதைக் குறுக்கே படுக்கவைத்து, மட்டையைச் சுற்றிக் கம்பளி இழையைச் சுற்றிக்கொண்டே போனாள். போதும் என்று தோன்றியதும் மேல் விளிம்பில் வெள்ளைத் தையல் நூலால் ஒரு கட்டு. புத்தகத்தை உருவி எடுத்துவிட்டுக் கொஞ்சம் கீழே இன்னொரு கட்டு. தலையும் கழுத்தும் வந்துவிட்டன. சின்னப் புத்தகம் ஒன்றில் சுற்றியதை நடுவில் செருகினால் கைகள். இடுப்பில் ஒரு கட்டு. கீழே தொங்கியது பாவாடை. பிள்ளைகள் ஒரு தரம் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள். நானும் ஒன்று செய்தேன். அதை மூத்தவள் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொம்மைகளின் வீட்டைக் கூட்டுவதற்கு எடுத்துக்கொண்டாள்.

பாவாடையின் அடி வளையம் வளையமாக இருந்தது. அதை வெட்டிக் குஞ்சம் போல விட்டால்தான் அழகு என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். மனைவி இணங்கவில்லை. கத்தரிக்கோல் அலமாரியின் உச்சியில் இருந்தது. அது அங்கே ஏறிய காரணம் எல்லோருக்கும் தெரியும்: முந்திய மாதம்தான் சின்னவள் தன் அக்காவின் ஒற்றைப் பின்னலைத் தூங்கும்போது வெட்டியிருந்தாள்.

கம்பளி இழை அடுத்த வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருந்தவர்கள் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். புருஷன் மிளகு ஸ்டோரில் வேலை. பெண்சாதி அந்தத் தோட்டத்துப் பங்களாவில் பிள்ளை பார்த்தவள். துரைசாணி தன் கையால் பின்னிக் கொடுத்த செங்கல் நிறச் சுவெட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. இப்போது அவள் வீட்டுவேலைக்காகக் குவைத்துக்குப் போக இருந்தாள். வீசா வந்துவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது. ஏழு வயது மகளை விட்டுவிட்டுப் போகிறாள். திரும்பி வர இரண்டு வருடம். பகல் முழுக்க எங்கள் வீட்டில் இருந்த அந்தப் பிள்ளை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவெட்டரை மட்டும் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டியது. பின்னாலேயே தாயும் வந்தாள்.

"எடுத்துக்கங்கக்கா. அங்க எதுக்கு இது? மணல்ல வச்சா முட்டையே அவிஞ்சிருமாம்."

அதில் எங்கள் பக்கத்தில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பாலைவனம் என்றால் சூடு. குளிர் என்பது மலையில் இருப்பவர்களின் சொத்து, அதை வேறு யாருக்கும் தருவதில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஆக, மனைவி இழையாகப் பிரித்துக் கொடுத்த தாயின் சுவெட்டரிலிருந்து அந்தப் பிள்ளை மூன்று பொம்மைகள் செய்தது. அம்மா, அப்பா, தான். அம்மா பொம்மைக்கு மட்டும் இரண்டு தரம் அவிழ்த்து மூன்றாம் தரம் சுற்றியது. "எங்கம்மா இவ்ளோ மெலிசு இல்ல பெரியம்மா," என்றது காரணமாக. என் பிள்ளைகள் மிச்சத்தில் ஒரு கிராமமே செய்தார்கள்.

பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, பைப்படியில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண் அந்தக் கிராமத்தை அழித்தாள். நாலு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவள்.

"சுவெட்டரக் குடுத்துட்டியா? யாரடி உனக்குச் சொன்னது? தை மாசம் மொட்டை மாடியில துணி காயப்போட்டுப் பாரு, விரல் மடங்காது. எனக்குக் காது ரெண்டும் வெடிச்சுப் போச்சு. நீ போறதே கார்த்திகையில, நல்லா இரு."

பிள்ளையின் தாயிடம் இருந்த காசெல்லாம் ஏஜென்சிக்காரனிடம் போயிருந்தது. மாத்தளையில் கடைகளும் அரைக் கதவில்தான் நடந்தன. அவள் வந்து எங்கள் குசினி வாசலில் நின்றாள். சன்னல் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்த தன் சுவெட்டரைப் பார்த்தாள்.

"அவிழ்க்கலாம்," என்றாள் என் மனைவி. "ஒண்ணையும் வெட்டலயே."

அவளுடைய தொலைநோக்கைப் பற்றி நான் பின்னாளில் பலரிடம் பெருமை பேசியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தால், "தொலைநோக்குமில்ல ஒண்ணுமில்ல, மூத்தவளோட முடி," என்று வெட்டிவிடுவாள்.

என் பிள்ளைகள் லேசில் விடவில்லை. "என்னோடதுக்கு இன்னிக்குத்தான் கல்யாணம்," என்றாள் சின்னவள். கல்யாணம் முடிந்ததும் அவிழ்ப்பது என்று ஒப்பந்தமானது. நான் ஐயராக இருந்து நடத்திவைத்தேன். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் இழையாகிப் போனார்கள். சுருள் சுருளாக இருந்த இழையை மனைவி நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, சுருள் நிமிர அடியில் கதவுப் பூட்டைக் கட்டினாள். காய்ந்ததைக் கைகளில் சிட்டமாக மாட்டி உருண்டை சுற்றுவதற்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்வது மட்டும்தான் வேலை என்பதால் அது எனக்குக் கிடைத்தது. தெருவில் துப்பாக்கியோடு வீடு வீடாகச் சோதித்துப் போன ஆமிக்காரன் ஒருவன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். ஏற்கெனவே யாரிடமோ சரணடைந்துவிட்ட ஆளை மறுபடி சோதிப்பானேன் என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வீட்டுப் பிள்ளை அப்பா பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தது. தன் பொம்மையையும் கொடுத்தது.

"அம்மா எங்கடா?" என்று கேட்டாள் மனைவி.

"காணோம் பெரியம்மா."

கவுனின் வயிற்றுப் பக்கம் பப்பாசிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. மூத்தவள் வாயைத் திறந்தாள். மனைவி சட்டென்று ஒரு உருண்டையை அவள் கையில் திணித்து, "இதப் பிடி. கீழ போட்டா தெரியும்," என்றாள். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவள் பின்னினாள். அடுப்பில் சோறு வேகும்போது பின்னினாள், என்னைத் திட்டும்போதும் பின்னினாள். கொன்வென்ட்டில் கற்றது என்பாள். நான் நாற்பதாம் பக்கத்தில் நின்ற புத்தகத்தின் மேல் அவள் ஊசிகள் கிடக்கும்; அந்த மேசையில் எது அறிவு என்பதில் எனக்கு அப்போதே குழப்பம் இல்லை. உடம்பு வந்தது, கழுத்து வந்தது. கடைசியாகக் கைகள். இரண்டும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றுவிட்டன. இழை தீர்ந்துவிட்டது.

தாய் போட்டுப் பார்த்தாள். எவ்வளவு இழை குறைகிறது என்று மனைவிக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று தாய்க்கும் தெரிந்திருந்தது. மகளின் தலையணைக்கு அடியில் பார்த்திருப்பாள்.

"பாத்திரம் கழுவுற கை. எப்படியும் மடிச்சுத்தானே விடணும்," என்றாள். "இப்படியே இருக்கட்டும்கா."

போகிற அன்று காலையில், ஊரடங்கு எடுத்ததும், கண்டி ரோட்டில் வேன் வந்து நிற்பதாக ஆள் வந்து சொன்னான். புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். அவள் சுவெட்டரைப் போட்டுக்கொண்டே புறப்பட்டாள். பையில் இடமில்லை என்றாள். பிள்ளை தாயின் கையைப் பிடித்திருந்தது. பிடித்த இடத்தில் கம்பளி இல்லை, வெறும் தோல். குனிந்து பார்த்தது. அடுத்த கையையும் பார்த்தது. பிறகு வீட்டுக்குள் ஓடியது.

திரும்பி வந்து பொம்மையை என் மனைவியிடம் நீட்டியது. "அவிழ்த்துருங்க பெரியம்மா. அம்மாவுக்குக் கை எட்டல."

மனைவி அதை வாங்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

"யாரு சொன்னது எட்டலன்னு?" என்றாள் தாய். சுவெட்டரின் இரண்டு கைகளின் ஓரத்தையும் விரல்களால் பிடித்து இழுத்து, உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள். "இந்தா பாரு. எட்டுதா?"

பிள்ளை அவசரப்படவில்லை. இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தது. பிறகு, "ம்," என்று பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது.

நாங்கள் வாசலில் நின்றோம். அவள் ரோட்டுக்குப் போகும் ஒழுங்கை முழுவதும் அப்படியே, இரண்டு கைகளையும் மூடிக்கொண்டே நடந்தாள். வேனுக்குப் பக்கத்தில் போனதும் திரும்பினாள். கையசைக்க வேண்டுமென்றால் விரலை விரிக்க வேண்டும். அவள் மூடிய கையையே தூக்கி ஆட்டினாள்.