ஏன் என்று கேட்கும் ஆயம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆயம்மா இருந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஓர் ஈரத் துவாய். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும்முன் பிள்ளைகளை அவரிடம்தான் விடுவோம். பிள்ளை எந்தக் கோப்பையை எடுத்தாலும் "ஏன் இது?" என்பார். பதில் வரும்வரை எதிரே குந்தியிருப்பார்.

நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, என் நாலு வயது மகளின் முன் குந்தினார்.

"அத்தை வீடா, சித்தி வீடா? எங்க இருக்கப் போற?"

"சித்தி வீட்டுல."

"ஏன்?"

"அங்க நின்னா பதுளை பஸ்ல யாரு எறங்குறாங்கனு தெரியும்."

"சரிதான்" என்று அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

நான் பெட்டியோடு நின்றிருந்தேன். "ஏன் போற?" என்று அவர் கேட்பார் என ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என்னிடம் அவர் கேட்கவே இல்லை.