ஏழு நாளைக்குள் பதில்

டாக்சிக்காரருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தால் போதும். சங்கரன்கோவில் சுவிசேஷமுத்துவுக்கோ பேனா பிடிப்பதில்தான் பெருமை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவர். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பஸ் நிலையத்தில் குழி விழுந்தாலும் முழு வெள்ளைத் தாளில் மனு எழுதுவார். கார்பன் வைத்து நகல் எடுத்து, அந்த நகல்களைச் சர்ச் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் அடுக்கி வைப்பார். பதில் வந்தவை எத்தனை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருடைய கறுப்பு அம்பாசிடர் பழைய வண்டிதான். ஆனால் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். குடியிருந்த வாடகை வீட்டின் முற்றத்தில் பெரிய வாகை மரம் ஒன்று நின்றது. வெயில் பட்டால் பெயிண்ட் போய்விடும் என்று வண்டியை அதன் நிழலிலேயே நிறுத்துவார், அங்கேயே கழுவுவார், ஆயிலும் அங்கேயே மாற்றுவார். மரத்தில் கரையான் ஏறிய வருஷம் ஒரு மெக்கானிக் சொன்ன யோசனைப்படி, வடித்த பழைய ஆயிலை வேரடியில் ஊற்றினார். கரையான் ஓடியே போய்விட்டது. அதிலிருந்து ஆறு வருஷம் வண்டிக்கு எப்போதெல்லாம் ஆயில் மாற்றினாரோ அப்போதெல்லாம் மரத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

வீட்டுக்காரர் சங்கரசுப்பு இளையரசனேந்தல் பக்கத்தில் காடு உழுது பிழைக்கிற சம்சாரி. மாதம் ஒருநாள் வாடகைக்கு வருவார். கரையான் இல்லாத மரத்தைத் தடவிப் பார்த்து, "நம்ம டிரைவரு மரத்தைப் பிள்ளை மாதிரி பாக்காரு" என்று தெருவில் சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்டு இவருக்கும் தலை கொஞ்சம் நிமிரும்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதக் காற்றில், பட்டப்பகலில், அந்த மரம் வேரோடு சாய்ந்து வண்டியின் மேல் விழுந்தது. சுவிசேஷமுத்து அப்போது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூரை சீட்டு வரைக்கும் இறங்கிவிட்டது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வருஷத்தில் அந்தப் பத்து நாள் ஓட்டத்தை நம்பித்தான் மகள் இன்பத்தை ஆசிரியப் பயிற்சியில் சேர்த்திருந்தார். எச்சில் கையோடு மரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் பவுல்பாண்டியன் இவர் போகிற சர்ச் சபைக்காரர். ஃபுல்லாகப் போடுங்கள் என்று வருஷம் தவறாமல் சொன்னவர். இருபது வருஷமாக யார் மேலும் இடிக்காதவனுக்கு அது எதற்கு என்று இவர்தான் அடுத்தவர் சேதத்துக்கு மட்டும் போட்டிருந்தார். பவுல்பாண்டியன் பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உம்ம வண்டி போய் ஒரு மரத்தைச் சாச்சா கம்பெனி குடுக்கும். மரம் வந்து வண்டில விழுந்தா குடுக்காது. வீட்டுக்காரரு மரத்தைக் கவனிக்காம விட்டுட்டாருன்னு காட்ட முடிஞ்சா அவரு குடுக்கணும். வேற வழி இல்ல."

இது போதாதா? அன்றே பேனாவைத் திறந்தார். தங்கள் மரம், தங்கள் பொறுப்பு. அதைத் தாங்கள் பல ஆண்டுகளாகக் கவனிக்கத் தவறியதால் விளைந்த சேதத்துக்கு ஈடு செய்யவேண்டும். ஏழு நாளைக்குள் பதில் தேவை. இப்படி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். நகல் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் போனது.

ஆறாம் நாள் காலையில் மரம் வெட்டுகிற நல்லக்கண்ணுவை அழைத்துக்கொண்டு சங்கரசுப்பு வந்து இறங்கினார். சண்டைக்குத் தயாராக இருந்த சுவிசேஷமுத்துவிடம், "எம் மரம்லா விழுந்துருக்கு, வே. நான் பாக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். இத்தனை லேசில் முடிந்துவிட்டதே என்று இவருக்கு உடம்பெல்லாம் லேசானது.

நல்லக்கண்ணு அடிமரத்தை அறுத்து வேர்க்கட்டையைப் புரட்டினான். தெருப்பக்கத்து வேர் நல்ல வேராக இருந்தது. வண்டி நின்ற பக்கத்து வேர் முழுக்கக் கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்தான். சுவிசேஷமுத்துவுக்கு மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஆயில் வாடை அடித்தது. நல்லக்கண்ணு நசுங்கிய வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ரம்பத்தை எடுத்தான். அவனுக்குக் கூலி மரம் அறுக்கத்தான்.

சுவிசேஷமுத்து செருப்புக் காலால் மண்ணை அந்த வேரின் மேல் தள்ளினார். இரண்டு தரம் தள்ளினார். மூன்றாவது தரம் கால் வரவில்லை. "தாங்கள் கவனிக்கத் தவறியதால்" என்று தன் கையாலேயே எழுதியது ஞாபகம் வந்து அவமானமாக இருந்தது. விடுவிடுவென்று டீக்கடைக்கு நடந்தார்.

"அண்ணாச்சி, மரம் காத்துல சாயல. நான் ஊத்துன ஆயிலுதான் வேரைக் கொன்னுருக்கு. நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாம். அந்தக் கடுதாசியக் கிழிச்சிப் போட்டுருங்க."

சங்கரசுப்பு டீக்கிளாசைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தால், முகம் வெளிறிப்போயிருந்தது.

"பங்குனியில ஒரு டின் ஆயிலு எங்கிட்டக் குடுத்தீரே, வே."

அப்போதுதான் இவருக்கும் நினைவு வந்தது. ஊரில் கிணற்றடிப் புளியமரம் இரண்டிலும் கரையான் என்று அவர் கேட்க, இவர்தான் பெருமையோடு டின்னில் பிடித்துக் கொடுத்திருந்தார். சங்கரசுப்புவின் மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த வருஷமெல்லாம் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் புளியை விற்றுத்தான்.

"ஒரு தரந்தானே ஊத்துனீங்க?"

"ஒரு தரந்தான்."

"அப்ப வேரு வரைக்கும் இறங்கியிருக்காது. வாங்க, நானும் வாரேன். மேல்மண்ணைத் தோண்டி எடுத்துருவோம்."

வீட்டிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து பஸ் ஏறினார். இருபது வருஷமாக ஊரையே ஏற்றிக்கொண்டு போனவர், ஒரே சீட்டில் சங்கரசுப்புவோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு சங்கரசுப்பு மடியிலிருந்து அந்தப் பதிவுத் தபாலை எடுத்தார்.

"ஏழு நாளைக்குள்ள பதிலு சொல்லணும்னு எழுதியிருந்தீரு. எனக்கு எழுத வராது, வாயால சொல்லுதேன். வாகைய வித்து வாரது உம்ம வண்டிக்கு. மிச்சத்தை நீரு பாத்துக்கிடும். நல்லாருக்குன்னு சொல்லி நானுந்தான ஊத்தவிட்டேன்."

 சுவிசேஷமுத்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புளியமரத்தடியில் ஒரு சாண் ஆழத்துக்குத்தான் மண் கறுத்திருந்தது. இருவருமாக அதைத் தோண்டி அப்புறப்படுத்தி எருமண் போட்டார்கள். அந்த வருஷம் ஆடித்தபசுக்கு வண்டி ஓடவில்லை. இன்பத்தின் இரண்டாம் தவணை ஃபீசுக்கு அவள் அம்மா மார்த்தாளின் கம்மல் போனது. அதெல்லாம் பிறகு. அன்று சாயந்திரம் வீடு வந்ததும் அவர் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி, மேலே இருந்த நகலை எடுத்தார். அடியில் தேதி போட்டு, "பதில் கிடைத்தது" என்று எழுதினார். அந்த நகல் கட்டுக்குள் அப்படி எழுதிய தாள் அது ஒன்றுதான்.