மூன்று தட்டு

லிஃப்ட் கூண்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் வேறு யாராலும் நுழைய முடியாது, இவன் நுழைவான். அதனால் கூட்டாளி அவனுக்கு எலி என்று பெயர் வைத்தார். நாளடைவில் மேனேஜர் வாயிலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கூட்டாளியை இவன் அண்ணே என்பான். இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒன்றாக வேலை பார்த்தார்கள், வேலை முடிந்ததும் ஒன்றாகக் குடித்தார்கள். லிஃப்ட் ஓடும் அந்த நெட்டுக்குத்தான இருட்டுப் பள்ளத்தில் வாய்விட்டுக் கத்திப் பிரயோஜனமில்லை. எதிரொலி பாதி வார்த்தையைத் தின்றுவிடும். ஆகவே கூண்டு ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு, மேலே ஏற்று. மூன்று, கீழே இறங்கி வா. ஆனால் சத்தத்தை மட்டும் நம்பி அசையக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. பக்கத்து அறையில் யாராவது ஆணி அடித்தாலும் அப்படியேதான் கேட்கும். தண்டவாளத்தில் கை வைத்து அதிர்வு தெரிந்த பிறகே அடுத்த அடி.

அண்ணன் கல்லீரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போனார். கம்பெனி மாலை அனுப்பியது. மாற்று ஆளை அனுப்பவில்லை. இருவர் பார்க்க வேண்டிய, ஒருவர் பார்த்தால் உயிருக்கு உலை வைக்கும் வேலை முழுவதும் எலியின் தலையில் விழுந்தது. இதைக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. சிக்கனம் என்றார்கள்.

அந்தச் சாவு எலியை உலுக்கிவிட்டது. குடியை விட வேண்டும் என்றான். மனைவி கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

"நீங்க குடிக்கிற அளவுக்குத் திடீர்னு நிறுத்தக் கூடாது. உடம்பு தாங்காது," என்றார் டாக்டர். "வார்டுல சேருங்க. மருந்து கொடுத்துக் கூடவே இருந்து பாத்துக்கிறோம்."

"நான் என்ன பைத்தியமா, வார்டுல படுக்க? ஆம்பளை நினைச்சா நிறுத்த மாட்டானா?" என்று எழுந்து வந்துவிட்டான். வந்த வேகத்தில் வீட்டிலிருந்த பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தான். அக்கம்பக்கம் மெச்சியது. வைராக்கியம் என்றால் இதுவல்லவா வைராக்கியம்!

முதலில் கை நடுங்கியது. பிறகு வேர்வை, சட்டை பிழியப் பிழிய வேர்வை. அதன்பின் தூக்கம் போனது. வெள்ளைச் சுவரில் எறும்புச் சாரை ஊர்ந்தது. மனைவி கையால் துடைத்துக் காட்டினாள், சுவர் சுத்தமாக இருந்தது, எறும்பு அவள் கைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. காலையில் பல் விளக்கும்போது, குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியிலிருந்து அண்ணன் குரல், சற்றே சளி கட்டிய குரல், "எலி" என்றது.

கூடவே இருக்கும் அக்காவிடம் சொன்னான். அவள் முகம் வெளிறியது.

"அவர்தான்டா! கூடக் குடிச்சவர் தனியா போவாரா? ஆள் சேக்குறார். சாயங்காலம் மந்திரவாதியைக் கூட்டிட்டு வர்றேன்."

"அண்ணி, மந்திரவாதி வந்தா பேய் போகுதோ இல்லையோ, உங்க தம்பி போயிடுவார்," என்றாள் மனைவி. "டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. இப்பவே கிளம்பலாம்."

"சும்மா இரு. குடிகாரங்க வார்டுல சேத்தா நாலு பேர் காறித் துப்புவாங்க. பேய் பிடிச்சிருக்குன்னா யாரும் கேவலமாப் பேச மாட்டாங்க."

அக்கா சொன்னது பொய்யில்லை. பேய் பிடித்தவனுக்கு இரக்கம், நோய் பிடித்தவனுக்கு ஏளனம் என்ற நியாயத்தைத்தான் நாம் கட்டிக் காக்கிறோம். இல்லாத ஒன்று பிடித்தால் மானம் தப்பும். இருக்கிற ஒன்று பிடித்தால் மானம் போகும். இந்த மானத்துக்குப் பலியானவர்களின் கணக்கை யாரும் எடுத்ததில்லை.

எலி ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

பழைய அலுவலகக் கட்டடம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து, நின்றிருந்த கூண்டின் கூரைமேல் இறங்கி, அதைத் தாங்கும் கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே நல்ல வெயில். மாடிக்கு மாடி கதவிடுக்கில் கத்திபோல ஒரு கோடு வெளிச்சம். அப்போது அடியிலிருந்து கேட்டது.

டங். டங். டங்.

இறங்கி வா.

கீழே யாருமில்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், பழகிய உடம்பு கூப்பிட்ட திசைக்குத் திரும்பியது. ஒரு கால் கூரை விளிம்பைத் தாண்டிக் காற்றில் தொங்கியது. இன்னொரு பழக்கம் கையை இழுத்துத் தண்டவாளத்தில் வைத்தது.

கைதான் நடுங்கிக்கொண்டிருந்ததே! அதிர்வது இரும்பா, தானா என்று விளங்கவில்லை. குனிந்து தாடை எலும்பை இரும்பில் அழுத்தினான். டங். டங். டங். காதுக்குள் இடி மாதிரி விழுந்தது. தாடையில் ஒன்றுமில்லை. இரும்பு சில்லென்று சும்மா கிடந்தது.

எலிக்குப் பயம் வந்தது இப்போதுதான். அண்ணன் கீழே இருந்திருந்தால் ஓடித் தப்பலாம். தட்டுகிறவர் இந்தக் கட்டடத்திலேயே இல்லை. தட்டு அவன் மண்டைக்குள் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

காலை உள்ளே இழுத்துக்கொண்டு, மனைவிக்குப் போன் போட்டான்.

"அந்த டாக்டர் சொன்ன வார்டு... அங்க போயிடலாம்மா. என்னால தனியா இதை நிறுத்த முடியல."

அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியின் மெஷின் இரைச்சலுக்கு மேல் அவள் குரல் உயர்ந்தது. "எங்க இருக்கீங்க?"

"அந்தப் பழைய ஆபீஸ்ல, மூணாம் மாடிக்குக் கீழே. கூண்டு மேல."

"உக்காருங்க. கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. யார் கூப்பிட்டாலும் அசையாதீங்க, நான் கூப்பிட்டாலும் சரி. என் மூஞ்சியைப் பாத்த பிறகு எழுந்தா போதும்."

காவலாளியோடு வந்து அவனை மேலே இழுத்துப் போட்டதும்தான் அவள் அழுதாள். "கல்யாணம் ஆனதுலேருந்து இன்னிக்குத்தான் நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க."

வார்டில் கம்பியும் இல்லை, பூட்டும் இல்லை. ஜன்னலோரக் கட்டில். நர்ஸ் நாடி பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், எவ்வளவு குடிப்பான் என்று கேட்டாள். எலி பாதியாகக் குறைத்துச் சொன்னான். அவள் அவன் மனைவியைப் பார்த்தாள். அவன் மறுபடி, இந்த முறை முழுசாகச் சொன்னான்.

"சிஸ்டர், கட்டில் பக்கத்துல எங்க அண்ணன் நிக்கிறார்."

"எந்தப் பக்கம்?"

"உங்களுக்குப் பின்னாடி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "ரொம்ப வருஷம் குடிக்குப் பழகின மூளை, குடி திடீர்னு நின்னா இப்படித்தான் காட்டும். மருந்து பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நான் இங்கேயேதான் இருப்பேன்."

"அவர் போக மாட்டேங்கிறாரே."

"நிக்கட்டும். நீங்க கையை நீட்டுங்க."

எலி நீட்டினான். அண்ணன் இன்னும் நெருங்கி வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஊசி ஏறுவதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.