பூஜைக்கு அணைச்ச ரவுட்டர்

மன்னிப்புக் கடிதத்தை காலேஜ் ஆபீஸ்ல அவங்களே டைப் அடிச்சு ரெடியா வச்சிருந்தாங்க. "எனது கவனக்குறைவால் புதிய கட்டடத்தின் நெட்வொர்க் செயலிழந்தது" என்று ஆரம்பம். கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம். போட்டிருந்தா அன்னைக்கே வேலை போயிருக்கும். அடுத்து எங்க வேலை கேட்டுப் போனாலும் அந்தப் பேப்பர் எனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கும்.

பெரம்பலூர்ல ஒரு தனியார் காலேஜ்ல கம்ப்யூட்டர் லேபுகளைப் பாத்துக்குறது அப்ப என் வேலை. காண்ட்ராக்ட்தான். செந்துறையில பஸ் ஏறி, அரியலூர்ல மாறி, ஒம்பது மணிக்குள்ள போய் நிக்கணும். ஒரு நாள் லேட்டானதில்ல.

ஆயுத பூஜை அன்னைக்கு எங்க ஏ.ஓ. சார், அதாவது நிர்வாக அதிகாரி, சாமி முன்னாடி ஒரு மெஷினும் ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. "அந்த ரவுட்டரு வருஷம் பூரா ஓடுது, அதுக்கும் ஒரு நாள் ஓய்வு குடும்மா" என்றார். ஓடிக்கிட்டே இருக்கிற பெட்டியை இப்படி அணைக்க மாட்டாங்கன்னு நான் சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க" என்று சிரிச்சாரு. அணைச்சு, தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சேன்.

லீவு முடிஞ்சு திறந்து ரவுட்டரைப் போட்டா, புதுக் கட்டடத்து லேபுல ஒரு கம்ப்யூட்டருக்கும் நெட் இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு அங்க செய்முறைத் தேர்வு. பழைய கட்டடத்துல எல்லாம் நல்லா ஓடுது.

எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும், நெட்டுல சேர எனக்கு ஒரு முகவரி குடுங்கன்னு கத்தும். முகவரி குடுக்குற சர்வர் பழைய கட்டடத்துல இருக்கு. நடுவுல ரவுட்டர். வேப்பந்தட்டையில நின்னு கத்துனா பெரம்பலூருக்குக் கேக்குமா? அந்தக் கூப்பாட்டை வாங்கி சர்வர்கிட்ட கொண்டுபோய்ச் சேருன்னு ரவுட்டருக்கு ஒரு வரி எழுதணும். அதுக்குப் பேரு டிஹெச்சிபி ரிலே. அந்த ஒரு வரிதான் இப்ப அதுல இல்ல. ஆனா பாஸ்வேர்டை என்கிட்ட குடுக்கல. அது திருச்சியிலேர்ந்து வந்து மாட்டிக் குடுத்த இன்ஜினியர் சார்கிட்ட மட்டும் இருந்துச்சு.

அவர் பன்னெண்டரைக்கு வந்தாரு. லேப்டாப்பை மாட்டுனாரு, அந்த வரியை அடிச்சாரு, முன்னாடி இருந்த ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுப் பாத்தாரு. வந்துருச்சு. "யாரோ உள்ள கை வச்சிருக்காங்க சார்" என்று ஏ.ஓ.கிட்ட சொன்னாரு. யாரைன்னு சொல்லணுமா? ரவுட்டர் இருக்கிற அந்த லேப் ரூம் சாவி வச்சிருக்கிறவ நான் ஒருத்திதான்.

"நீதானம்மா அணைச்சே? கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு" என்று ஏ.ஓ. அந்தக் கடிதத்தை மேசையில வச்சாரு. அணைக்கச் சொன்ன வாயி அதேதான்.

என் கண்ணு இன்ஜினியர் சார் லேப்டாப் மேலயே இருந்துச்சு. வரியை அடிச்சாரே தவிர, அதைச் சேமிக்கிற கட்டளையை அடிக்கல. அதை அடிக்காட்டி கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் ரவுட்டருக்கு ஞாபகம். மொதல்ல மாட்டிக் குடுத்தப்பவும் இதே கூத்துதான் பண்ணியிருக்காரு.

"சார், ஒரு தடவை அணைச்சுப் போட்டுக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

"அதெல்லாம் தேவையில்லம்மா. பரீட்சை நேரத்துல விளையாடாத" என்றாரு இன்ஜினியர் சார்.

நான் பிளக்கைப் பிடுங்கிட்டேன். ஏ.ஓ. "ஏய்!" என்று கத்துனாரு. கத்தட்டும். மறுபடி சொருகுனேன். ரவுட்டர் எழுந்து வர நாலஞ்சு நிமிஷம் ஆச்சு. என் கணக்குத் தப்பா இருந்தா கடிதத்தோட போலீஸையும் கூப்பிட்டிருப்பாங்க. அதுவரைக்கும் முகவரி வாங்காத ஒரு கம்ப்யூட்டரைப் போட்டேன். முகவரி வரல.

"இப்ப யாரு சார் கை வச்சா? மூணு பேரும் இங்கதானே நின்னோம்?"

திருச்சி சார் பக்கம் திரும்புனேன். "பாஸ்வேர்டை அடிங்க" என்றேன், அடிச்சாரு. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி அந்த வரியை நானே எழுதுனேன். சேமிக்கிற கட்டளையையும் அடிச்சேன். பிறகு மறுபடியும் பிளக்கைப் பிடுங்குனேன். இந்தத் தடவை ஒருத்தரும் கத்தல. அதே கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன், முகவரி வந்துச்சு. மணி ஒன்னு இருபது.

"சரிம்மா, விடு. பரீட்சை நடக்கட்டும்" என்று ஏ.ஓ. கடிதத்தை மெதுவா இழுத்தாரு. நான் விடல.

அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பேனாவால அந்த வரியைப் பெருசா எழுதுனேன். அதுக்குக் கீழ, சேமிக்கிற கட்டளையை எழுதி ரெண்டு தடவை அடிக்கோடு போட்டேன். குங்குமம் அழியாத அந்த ரவுட்டருக்கு மேல டேப் போட்டு ஒட்டுனேன். கையெழுத்துதானே கேட்டாங்க? அவங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டிருக்கும்போதே, எழுதுனதுக்குக் கீழ முழுப் பேரோட போட்டேன்.