அவிய உனக்கு என்ன முறை?

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு காலையில் கல்லூரித் தோழன் மாரியப்பன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில்லுக்கு போன் செய்தான். "ஏலே, ஆச்சி போயிட்டாவ. மத்தியானம் எடுத்துருவாவ. வந்துரு."

படித்த காலத்தில் பாதி நாள் மடவார் வளாகத்தில் அவன் வீட்டில்தான் கிடப்பேன். "மூத்த பேரனுக்கு மொதல்ல போடு" என்று அவன் ஆச்சி என் இலையைத்தான் காட்டுவார்.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். "அவிய உனக்கு என்ன முறை?" என்றார்.

"சேக்காளியோட ஆச்சி."

"அதுக்கெல்லாம் லீவு கிடையாதுப்பா."

கெஞ்சினேன், அழுதேன். மெஷினைப் போய்ப் பார்க்கச் சொன்னார். மதியம் நெருங்க நெருங்கப் பொறுக்க முடியாமல், சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி பஸ் பிடித்தேன்.

போனபோது வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பேரன்மார் நெய்ப்பந்தம் பிடித்து முடிந்து, ஆச்சியைக் கொண்டுபோயிருந்தார்கள். மாரியப்பனின் அம்மா கொளுத்தாத பந்தம் ஒன்றை எடுத்துவந்து காட்டினார். "ஒனக்குன்னு சுத்தி வச்சிருந்தோம்யா. எம்புட்டு நேரந்தான் பாக்க?"

சுடுகாட்டுக்கு ஓடினேன். தீ வைத்துவிட்டிருந்தார்கள்.

பின்னாளில் அதே மில்லில் நான் சூப்பர்வைசர் ஆனேன். சாவுக்கு லீவு கேட்டு வருகிறவர்களிடம் முறை கேட்பதில்லை. "எப்ப எடுக்காவ?" என்று மட்டும் கேட்கிறேன்.