காசல்ரீயில் ஒரு மணற்கரை

முதலில் என் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து படுத்துக் கிடக்கிற நிலாவெளிக் கடற்கரை என் வீட்டுக்குப் பின்புறம். அதை விட்டுவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத கரை பார்க்கிறேன் என்று துண்டும் அரைக் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக மலையேறியவன் நான். வெயில் காலத்தில் நீர்த்தேக்கங்கள் வற்றினால் தேயிலைச் சரிவுக்குக் கீழே மணல் தெரியும், ஈ காக்கை இருக்காது என்று எவனோ சொன்னான். நம்புவதற்கு நான் இருந்தேன்.

காலை எட்டு மணிக்கு ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறினேன். வழி நெடுக வளைவு. பக்கத்தில் இருந்த அம்மாவின் மேல் இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது வளைவு வருமுன் அவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

நோர்வூட்டில் இறங்கி, செல்வம் என்ற ஓட்டோக்காரரிடம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் குளிக்க நல்ல கரை கேட்டேன்.

"நீந்தத் தெரியுமாங்க?"

"என்ன கேள்வி இது? மீனே நம்மகிட்டத்தான் படிக்க வரும்."

அவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று இன்னொரு தரம் கேட்டார். "அப்ப ஏறுங்க. காசு வேணாம்."

மலையக விருந்தோம்பலைப் பற்றி மனதுக்குள் ஒரு பந்தி எழுதிக்கொண்டே போனேன்.

கரை அழகுதான். வெடித்த செம்மண், அதற்குக் கீழே சாம்பல் நிற மணல், அசையாத தண்ணீர். ஆனால் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சனமே அங்கே நின்றது. அன்று யாரும் கொழுந்து பறிக்கப் போகவில்லை. பேச்சுச் சத்தமும் இல்லை.

"கடக்கரை ஆளு. நல்லா நீந்துவாராம்," என்றார் செல்வம். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

முந்தின மாலை வலை இழுக்கப் போன முருகேசு என்பவர் முழுகிப்போயிருந்தார். தினமும் இந்தத் தண்ணீரைப் பார்த்து எழுகிற லயத்து வரிசை வீட்டு ஆட்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மூங்கில் கழியால் குத்திக் குத்தித் தேடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் முழுகித் தேடும் சுழியோடிகள் மறுநாள்தான் வருவார்களாம். மேற்கே மலை கறுத்திருந்தது.

"மழை பேஞ்சா தண்ணி ஏறிரும் தம்பி," என்றார் முருகேசுவின் மனைவி புஷ்பம். "அப்புறம் எங்கன்னு தேடுறது? மூஞ்சியவாச்சும் பாக்கணும்."

அவர் அழவில்லை. எனக்கு வழி விட்டு நின்றார்.

ஒருவர் என் கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். இறங்கினேன். கடல் ஆளைத் தூக்கும். உப்பின் தயவில்தான் இத்தனை காலம் வீரனாக இருந்திருக்கிறேன். இந்தத் தண்ணீர் தூக்கவில்லை. குளிர் நெஞ்சைப் பிடித்தது. கலங்கலில் கண் தெரியவில்லை. அடியில், அணை கட்டியபோது முழுகிப்போன தேயிலைத் தூர்கள். ஒன்று காலைப் பிடித்தது. தூர் என்று தெரிந்தும் கத்தினேன். வாய் நிறையத் தண்ணீர். கழியை நீட்டி இழுத்துப் போட்டார்கள். தேட வந்தவனையும் தேட வேண்டிய நிலை அவர்களுக்கு. மறுபடி இறங்கினேன். இடுப்பளவுக்கு மேல் கால் போக மறுத்துவிட்டது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. மூன்று மணிக்கெல்லாம் நாங்கள் நின்ற மணலும் தண்ணீருக்குள் போனது. எல்லோரும் மேலே ஏறினோம். புஷ்பம் மட்டும் கணுக்கால் தண்ணீரில் நின்றார்.

எங்கள் ஊரில் கடல் கொண்டுபோனவரைப் பெரும்பாலும் கடலே திருப்பித் தந்துவிடும். கரையில் காத்திருந்தால் போதும். ஒன்றும் சொல்லாமல் கிளம்ப மனம் வராமல் அதையே சொன்னேன்.

"பயப்படாதீங்க அக்கா. மூணாம் நாள் அலையே கரைக்குக் கொண்டுவந்து தந்திடும்."

அவர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது கடல் இல்ல தம்பி."